மூன்றாவது இலக்கமும் நான்காவது இலக்கமும்

புது நோட்டுக் கட்டு ஒன்று கைக்கு வந்தால் நூறு நோட்டையும் புரட்ட வேண்டியதில்லை. மேலே இருக்கும் முதல் நோட்டின் எண்ணை மட்டும் பாருங்கள். ஆறு இலக்க எண் என்றால், மூன்றாவது இலக்கமும் நான்காவது இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா? இருந்தால் அந்தக் கட்டுக்குள் ஒரு ராடார் நோட்டு உறுதியாக இருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே எண் வருவதைத்தான் சேகரிப்பவர்கள் ராடார் என்கிறார்கள்.

காரணம் எளிது. ராடார் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் கடைசி மூன்று கிடைத்துவிடும். 473 என்று தொடங்கினால் 374 என்று முடிய வேண்டும்: 473374. அதாவது மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். 473301 முதல் 473400 வரை உள்ள கட்டில் அது இருக்கிறது, 74ஆவது நோட்டாக. 473401 முதல் 473500 வரை உள்ள அடுத்த கட்டில் ராடாரே கிடையாது. ஆனால் அதை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். அதில் முதல் இலக்கமும் நான்காவது இலக்கமும் ஒன்று, இரண்டும் 4. அப்படி இருந்தால் உள்ளே ஒரு ரிப்பீட்டர் இருக்கும்: 473473. மூன்று இலக்கம் அப்படியே இரண்டு முறை வரும் எண்.

இந்த விதிக்கு ஒரு சின்ன விலக்கு உண்டு. கட்டு 01இல் தொடங்கி 00இல் முடிவதால், 00இல் முடியும் எண்கள் முந்தைய கட்டின் கடைசி நோட்டாக உட்கார்ந்திருக்கும். 001100, 002200 போன்ற ஒன்பது ராடார்களும், 100100, 200200 போன்ற ஒன்பது ரிப்பீட்டர்களும் அப்படித்தான். முதல் நோட்டைப் பார்த்து ஒதுக்கியவர்கள் இவற்றைக் கோட்டைவிடுவார்கள். அதனால் கடைசி நோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

பத்துக் கட்டு சேர்ந்த பண்டல் என்றால் கணக்கு இன்னும் அழகு. ஆயிரம் நோட்டு கொண்ட ஒவ்வொரு பண்டலிலும் சரியாக ஒரு ராடார், சரியாக ஒரு ரிப்பீட்டர். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. 473001இல் தொடங்கும் பண்டலில் 473374, 473473 என்ற இரண்டும் எங்கே என்று பண்டலைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடலாம். 000001இல் தொடங்கும் பண்டல் மட்டும் விலக்கு. அதில் இரண்டுமே இல்லை. 111001இல் தொடங்கும் பண்டலில் இரண்டும் ஒரே நோட்டாகச் சேர்ந்துவிடும்: 111111.

அமெரிக்க டாலர் போன்ற எட்டு இலக்க எண்களுக்கு வழி அதேதான், நிபந்தனை ஒன்று கூடும். ராடாருக்கு நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாக, மூன்றாவதும் ஆறாவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ரிப்பீட்டருக்கு முதலாவதும் ஐந்தாவதும், இரண்டாவதும் ஆறாவதும். ஆக, நூறு கட்டுக்கு ஒரு கட்டில்தான் ராடார் அகப்படும்.

புழக்கத்தில் வரும் உதிரி நோட்டுகளில் இந்த வசதி இல்லை. அங்கே முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் மட்டும் பார்த்துத் தள்ளிக்கொண்டே போவதுதான் வேகமான முறை. பத்தில் ஒன்பது நோட்டு அதிலேயே கழிந்துவிடும். மிச்சத்தில் இரண்டாவதையும் ஐந்தாவதையும் ஒப்பிட வேண்டும். ஆயிரம் உதிரி நோட்டு பார்த்தால் சராசரியாக ஒரு ராடார். ஆனால் சராசரி என்பது உறுதி அல்ல. ஆயிரம் பார்த்தும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முதல் ஆயிரத்தில் வெறுங்கையோடு நின்றால் முறை தவறு என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விசேஷ எண் நோட்டு வாங்கி ஏமாந்தவர்களில் பலர் கள்ள நோட்டால் ஏமாறவில்லை, எண்ணிப் பார்க்காததால்தான் ஏமாந்தார்கள். விற்பவர் எதை வேண்டுமானாலும் அபூர்வம் என்பார். ஒரு முன்னெழுத்துக்குள், அதாவது எண்ணுக்கு முன்னால் அச்சாகும் ஒரே எழுத்துக் குறிக்குள், அந்த வகை எண் எத்தனை இருக்க முடியும் என்று பென்சிலை எடுத்து எண்ணிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பத்து லட்சம் நோட்டு கொண்ட ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்கமும் ஒன்றாக இருக்கும் சாலிட் எண் ஒன்பதே ஒன்பதுதான், 111111 முதல் 999999 வரை. ஏணிப்படி போல ஏறும் லேடர் எண்கள் ஐந்து: 012345, 123456, 234567, 345678, 456789. இறங்குபவை ஐந்து. 567890ஐயும் லேடர் என்று விற்பார்கள். ஒன்பதுக்குப் பிறகு பூஜ்யம் வருவதை ஏறுவதாக எடுத்துக்கொள்ள முடியாது, அதை அரைக்கணக்கில் வைப்பதே நியாயம். ஒரே இரண்டு இலக்கம் மாறி மாறி வரும் 474747 போன்றவை 90. ஐந்து இலக்கம் ஒன்றாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் வருபவை 540. ராடார் சாலிட் சேர்த்து 999, ரிப்பீட்டரும் 999.

பைனரி என்ற பெயரில்தான் அதிகக் குளறுபடி. ஏதோ இரண்டு இலக்கங்கள் மட்டும் வரும் எண் எல்லாவற்றையும் பைனரி என்று சேர்த்தால் ஒரு வரிசைக்கு 2,790 வந்துவிடும், அதாவது சுமார் 358 நோட்டுக்கு ஒன்று. பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வரும் அசல் பைனரி 62தான். 277272ஐயும் 011010ஐயும் ஒரே விலைப்பட்டியலில் பார்த்தால் அந்தப் பட்டியலை மூடிவிடலாம்.

786க்கும் இதே அளவுகோல்தான். அந்த எண்ணின் மேல் இருக்கும் மதிப்பு உண்மையானது, அதற்காகவே தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளம். ஆனால் ஒரு வரிசையில் 786 என்று முடியும் நோட்டு ஆயிரம் இருக்கிறது. எங்காவது நடுவில் வந்தாலும் போதும் என்றால் 3,999. 786786 மட்டும் ஒன்றே ஒன்று. பக்திக்காக வைத்துக்கொள்பவருக்கு முதல் வகையே நிறைவு. அபூர்வம் என்று பணம் கொடுப்பவர் கடைசி வகையைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. 100000, 200000 என்று 900000 வரை முழு லட்ச எண்களும் ஒரு வரிசைக்கு ஒன்பதுதான், சாலிட் அளவுக்கே அபூர்வம். ஆனால் 777777 பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிறது, 700000 அப்படிப் பறிப்பதில்லை. அதனால் தேடுபவர்கள் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நல்ல இடம் இது என்பது என் கருத்து. பிறந்த நாள் எண்கள் இதற்கு நேர் எதிர்: அந்தத் தேதிக்குரியவருக்குப் பொக்கிஷம், மற்ற எல்லோருக்கும் வெறும் நோட்டு. பரிசாகக் கொடுக்க வாங்கலாம். திரும்ப விற்க நினைத்து வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு முன்னெழுத்துக்கும் எண் மறுபடி 000001இல் இருந்துதான் தொடங்குகிறது. ஆகவே 111111 என்பது உலகத்தில் ஒன்று அல்ல, முன்னெழுத்து எத்தனையோ அத்தனை. அதனால்தான் குறைந்த எண்களில் முதல் முன்னெழுத்துக்குத் தனி மரியாதை. பிரிட்டனில் 2024இல் சார்ல்ஸ் மன்னர் படம் போட்ட நோட்டுகள் வெளியானபோது, அறப்பணிக்காக நடத்தப்பட்ட ஏலத்தில் எச்.பி. 01 000002 என்ற 10 பவுண்டு நோட்டு 17,000 பவுண்டுக்குப் போனது. எண்ணும் சிறியது, முன்னெழுத்தும் முதலாவது.

வரிசை எங்கே முடிகிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்திய நோட்டில் 999999க்குப் பிறகு 1000000 என்று ஏழு இலக்க நோட்டு உண்டு. எண் அடிக்கும் பெட்டியில் ஆறு சக்கரம் என்றால் அதனால் ஏழாவது இலக்கம் அடிக்க முடியாது, ஆகவே அது தனி ஏற்பாட்டில் வந்த நோட்டு. அமெரிக்காவில் ஒரு தாளுக்கு 32 நோட்டு, ஓர் அச்சு ஓட்டத்துக்கு இரண்டு லட்சம் தாள் என்ற கணக்கில் அச்சிட்டபோது ஓர் ஓட்டம் 64 லட்சம் நோட்டு, பதினைந்து ஓட்டத்தில் 9,60,00,000இல் புழக்க எண்கள் நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள எண்கள் சேகரிப்பவர்களுக்கு வெட்டாமல் விற்கும் தாள்களுக்குப் போகும். அப்படி அடித்த வரிசைகளில் 98765432 அல்லது 99999999 புழக்கத்தில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

நட்சத்திர நோட்டு தனிக் கதை. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைக்கப்படுவது அது. அமெரிக்காவில் 1910இலிருந்தே இந்த முறை இருக்கிறது. இந்தியாவில் முன்பெல்லாம் பழுதான நோட்டின் அதே எண்ணை இன்னொரு தாளில் அடித்துக் கட்டில் சேர்த்தார்கள். 2006இல் 10, 20, 50 ரூபாய்க்கும், 2009இல் 100 ரூபாய்க்கும், 2016இல் புதிய 500 ரூபாய்க்கும் நட்சத்திர வரிசை வந்தது. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். நட்சத்திர நோட்டு கலந்த கட்டின் மேல் சுற்றிய காகிதப் பட்டையிலேயே அந்தக் குறிப்பு அச்சாகியிருக்கும், கட்டில் நூறு நோட்டு இருந்தாலும் எண்கள் தொடர்ச்சியாக இருக்காது. அந்தக் கட்டுக்கு மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது இலக்க விதி செல்லாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். பாகிஸ்தானில் மாற்று நோட்டுக்கு எக்ஸ் என்ற முன்னெழுத்து. நட்சத்திரம் இல்லாததால் பலர் தெரியாமலேயே செலவழித்துவிடுகிறார்கள். நட்சத்திரம் இருப்பதாலேயே ஒரு நோட்டு அரிதாகிவிடாது. அமெரிக்க நட்சத்திர நோட்டில் ஓர் ஓட்டம் 32 லட்சம் வரை போகலாம். 6,40,000 அல்லது அதற்கும் குறைவாக அடித்த ஓட்டங்களைத்தான் சேகரிப்பவர்கள் மதிக்கிறார்கள்.

தலைகீழாகத் திருப்பினாலும் அதே எண்ணாகத் தெரிபவை ஒரு வரிசைக்கு 124. 0, 1, 6, 8, 9 என்ற ஐந்து இலக்கங்களால் மட்டுமே ஆனவை. 180081 ஒரு ராடாரும்கூட, 619619 ஒரு ரிப்பீட்டரும்கூட. 2015க்குப் பிறகு வந்த இந்திய நோட்டுகளில் இந்த வகைக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. முன்னெழுத்துப் பகுதியின் மூன்று குறிகளும் ஒரே அளவு, அதற்குப் பின் வரும் ஆறு இலக்கங்களும் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகின்றன. தலைகீழாகத் திருப்பினால் பெரிய இலக்கம் இடப்பக்கம் போய்விடும். கணக்கில் பொருந்தும் எண் கண்ணுக்குப் பொருந்தாது. பழைய, ஒரே அளவு இலக்கம் கொண்ட நோட்டில் இருக்கும் அழகு அதில் இல்லை.

அதே ஏறுவரிசை அளவு இன்னொரு விதத்தில் பெரிய உதவி. எண்ணைத் திருத்தி விற்பவர்களைப் பிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. 3ஐ 8 ஆக்குவது, 1ஐ 7 ஆக்குவது, ஓர் இலக்கத்தைச் சுரண்டிவிட்டு வேறொன்றை அடிப்பது, இவைதான் வழக்கமான வேலைகள். வேறொரு நோட்டிலிருந்து வெட்டி ஒட்டிய இலக்கமோ ஒரே அளவில் அடித்த இலக்கமோ, பக்கத்து இலக்கத்தோடு சேர்த்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் உயரத்தில் இடிக்கும்.

பழைய நோட்டுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். அச்சு எழுத்துப் பெட்டியால் அடித்த இலக்கத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கருமையான விளிம்பு கட்டியிருக்கும், நடுவில் சற்று வெளிறியிருக்கும். நோட்டின் பின்பக்கத்தைத் தடவினால் லேசான அழுத்தம் தெரியலாம். இங்க்ஜெட்டில் அடித்ததில் அந்த விளிம்பு இருக்காது, புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். சுரண்டிய இடத்தில் காகித நார் எழும்பி, சாய்வான வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். இந்திய நோட்டில் எண் ஒளிரும் மையால் அச்சாகிறது. புற ஊதா விளக்கின் கீழ் ஐந்து இலக்கம் ஒளிர்ந்து ஒன்று மட்டும் செத்துக் கிடந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. ஆறுமே ஒளிர்ந்தாலும், நோட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கும் இரண்டு எண்களையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். திருத்துபவர்கள் ஒரு பக்கத்தை அக்கறையாகச் செய்துவிட்டு மறுபக்கத்தில் அசந்துவிடுவார்கள்.

இரண்டு எண்ணும் பொருந்தாமல் இருப்பது எப்போதும் மோசடி அல்ல. நோட்டின் இரண்டு எண்களையும் இரண்டு தனிப் பெட்டிகள் அடிக்கின்றன. ஒன்றில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டு நகராமல் போனால், இடப்பக்கம் 473374 என்றும் வலப்பக்கம் 473364 என்றும் வரும். இது உண்மையான அச்சுப் பிழை, தனியாகத் தேடப்படுவது. சக்கரம் பாதியில் நின்றால் ஓர் இலக்கத்தின் அடிப்பகுதியும் அடுத்த இலக்கத்தின் தலையும் ஒரே கட்டத்தில் தெரியும். பிழை நோட்டிலும் மை, விளிம்பு, ஒளிர்வு எல்லாம் மற்ற இலக்கங்களைப் போலவே இருக்க வேண்டும். திருத்தலையும் பிழையையும் பிரிப்பது அதுதான்.

நோட்டின் நிலையைப் பற்றி ஒரே ஒரு விதி சொன்னால் போதும்: எண் எவ்வளவு சாதாரணமோ, நோட்டு அவ்வளவு புதிதாக இருக்க வேண்டும். சாலிட் கசங்கியிருந்தாலும் எடுக்கலாம். கசங்கிய ராடார் ஆயிரத்துக்கு ஒன்று கிடைக்கும், அதை யாரும் வாங்க மாட்டார்கள். விற்பவர் யு.என்.சி., அதாவது புழக்கத்துக்கே போகாத நோட்டு என்று எழுதியிருப்பதை நம்பாமல், நோட்டை விளக்குக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். நடு மடிப்பை அழுத்தி நேராக்கியிருந்தாலும் மை உடைந்த மெல்லிய கோடு தெரிந்துவிடும். இஸ்திரி போட்ட நோட்டில் எழும்பிய அச்சு தட்டையாகி, காகிதம் மொடமொடப்பை இழந்திருக்கும். பழைய இந்திய நோட்டுகளில் ஊசித்துளை சகஜம். கட்டுகளுக்கு ஸ்டேப்பிள் அடிப்பதை ரிசர்வ் வங்கி 2001இல்தான் நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டில் துளையை ஏற்றுக்கொள்ளலாம். துருக்கறையை ஏற்றுக்கொள்ள வேண்டாம், அது பரவும்.

பத்திரப்படுத்துவதில் நடக்கும் பெரிய தவறு மலிவான ஆல்பம். தொட்டால் வழவழப்பாகவும் பிளாஸ்டிக் வாடையோடும் இருக்கும் உறைகள் பெரும்பாலும் மென்மையான பி.வி.சி. அதிலிருந்து கசியும் பொருள் சில ஆண்டுகளில் நோட்டின் மேல் பிசுபிசுப்பாகப் படிந்து மையை இளக்கி உறையோடு ஒட்டவைக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் செய்த நோட்டு சேகரிப்பில் செத்த நோட்டு. வெப்பத்தில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, கறை விடும். செலோடேப் மஞ்சளாகும். கிழிசலை ஒட்டாமல் அப்படியே விடுவதே மேல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் காகிதம் நிம்மதியாக இருக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பாலிமர் நோட்டுக்கு ஈரம் பகை அல்ல, சூடுதான் பகை. சூட்டில் சுருங்கிவிடும்.

குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் பத்து வருடத்தில் உபயோகமில்லாமல் போகும். மதிப்பு, முன்னெழுத்து, எண், கையெழுத்திட்டவர் பெயர், அச்சான ஆண்டு, எண்ணுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் எழுத்து இருந்தால் அது, நிலை, எங்கே எப்போது கிடைத்தது, இத்தனையும் ஒரே வரியில் வர வேண்டும். ஒரே 555555க்குக் கையெழுத்து மாறினால் தேடுபவர்கள் மாறுகிறார்கள்.

புதுக் கட்டிலிருந்து ராடாரை உருவும்போது அதற்கு முந்தைய நோட்டையும் பிந்தைய நோட்டையும் சேர்த்தே எடுங்கள். 473374 வேண்டும் என்றால் 473373, 473375 இரண்டையும். பெரும்பாலான அச்சகங்களில் தொடர் எண் நோட்டுகள் அடுத்தடுத்த தாள்களின் ஒரே இடத்திலிருந்து வெட்டப்பட்டவை, ஒரே எண் பெட்டி அடித்தவை. அந்தப் பெட்டியில் மூன்றாவது சக்கரம் இம்மியளவு கீழே இறங்கியிருந்தால் மூன்று நோட்டிலும் மூன்றாவது இலக்கம் அதே அளவு கீழே இறங்கியிருக்கும். நடுநோட்டின் எண்ணில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.